உபரி

‘மேலே’ எனப் பொருள்படும் ‘உபரி’ என்ற வடசொல், தமிழில் தேவைக்கு மேல் மிஞ்சியதைக் குறிக்கிறது. மீன்பிடி உரிமையில் இச்சொல்லுக்குச் சட்டப்பொருள் உண்டு. 1982 ஐ.நா. கடல்சட்ட ஒப்பந்தப்படி, 200 கடல் மைல் வரையுள்ள தன் பொருளாதார மண்டலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைக் கரையோர நாடே முடிவுசெய்யும். அதில் உள்நாட்டுப் படகுகளால் பிடிக்க முடிந்தது போக எஞ்சுவதே உபரி. அதை உடன்படிக்கை வழியே பிறநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட வேண்டும். மௌரித்தானியா 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசியபோது, ஆக்டோபஸில் உபரியே இல்லை என்று அதை உள்நாட்டுப் படகுகளுக்கே ஒதுக்கியது. மிச்சம் என்றாலும் கணக்கு வீட்டுக்காரர் கையில்தான்: உபரியைப் பங்கிடும் விருப்புரிமையை எதிர்த்த வழக்கைக் கட்டாயத் தீர்ப்புக்கு உட்படுத்த, கரையோர நாடு இசைய வேண்டியதில்லை.