சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கு

1779ஆம் ஆண்டு சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஒரு சங்கடம். மைசூரின் ஹைதர் அலியோடு போர் மூளும் போலிருந்தது. தூது அனுப்ப வேண்டும். ஹைதரோ கும்பினியின் ஆட்கள் எவரையும் நம்பத் தயாராக இல்லை. தஞ்சாவூரிலிருந்து ஒரு பாதிரியார் வந்தால் பேசலாம் என்றார். அவர்தான் கிறிஸ்டியான் பிரெடரிக் சுவார்ட்ஸ்.

1726இல் பிராண்டன்பர்க் நாட்டில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர் அவர். தமிழை நன்றாகக் கற்றார். மராத்தியும் பாரசீகமும் அறிந்தார். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்துவிட்டுத் தஞ்சையில் குடியேறினார். மிஷனரிகளை ‘ஐயர்’ என்று அழைக்கும் வழக்கப்படி சனங்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர்.

அரசியல் தூது போவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. இரத்தம் சிந்தாமல் தடுக்கும் வேலை என்பதால் சம்மதித்தார். பரிசு எதையும் தமக்கென்று வாங்குவதில்லை என்ற உறுதியோடு புறப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையோடு அருகில் உட்காரவைத்துப் பேசினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அந்தப் பணத்தைச் சுவார்ட்ஸ் கும்பினியிடமே ஒப்படைக்கப் போக, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்த அதுவே முதலானது.

தூது பலிக்கவில்லை. சமாதானம் பேச அவரை அனுப்பிய அதே ஆண்டில்தான் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹே துறைமுகத்தைக் கும்பினிப் படை பிடித்திருந்தது. ஒரு கையில் ஓலையும் மறு கையில் பீரங்கியும் வைத்திருப்பவர்களுக்காக ஒரு நல்ல மனிதர் என்ன பேசி என்ன பயன்? 1780 ஜூலையில் ஹைதரின் குதிரைப்படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ச் சீமைக்குள் பாய்ந்தது. ஆனாலும் அந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது, போகிற இடமெல்லாம் போகவிடுங்கள் என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். தூது தோற்றபின்னும் தூதர்மேல் இருந்த நம்பிக்கை கலையவில்லை.

அந்த நம்பிக்கையின் விலை என்ன என்பது பஞ்சத்தில்தான் தெரிந்தது. போரால் வயல்கள் பாழாகி, தஞ்சைக் கோட்டைக்குள் பசி நுழைந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு மாடு ஓட்டிவந்த குடியானவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை என்பதால், அரசரின் ஆணைக்கும் எவரும் அசையவில்லை. நம் எல்லோருடைய வாக்கும் செல்லாக்காசாகிவிட்டது, ஐயரின் சொல்லையாவது கேட்கிறார்களா பார்ப்போம் என்று தஞ்சை மன்னர் துளஜாவே கூறியதாகச் சொல்வார்கள்.

சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதி அனுப்பினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், மாடு எதிரியிடம் பறிபோனால் அதற்கும் ஈடு தருவதாகவும் எழுதினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. கோட்டைக்குள் வந்து சேர்ந்த நெல் 80,000 கலம். சொன்னபடி எல்லோருக்கும் கூலி கொடுத்தார். விலை மலிந்திருந்த நாளிலேயே அவர் வாங்கி வைத்திருந்த அரிசியும் பட்டினி கிடந்தவர்களின் வயிற்றுக்குப் போனது. பிரசங்கத்தில் அன்பைப் பற்றிப் பேசிய ஒருவர், கூலிக்கணக்கிலும் அதைக் காட்டினார்.

துளஜா இறந்தபின், அவர் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியின் உரிமைக்கும் படிப்புக்கும் சுவார்ட்ஸ் துணைநின்றார். சிறுவனுக்கு ஆபத்து என்று கண்டபோது சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு அரியணை ஏறிய சரபோஜி, கிறிஸ்தவராகாமலே, தம் ஆசானுக்காக லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்யச் சொன்னார்.

தஞ்சை சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய தேவாலயத்தில் அது இருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கிறார் கிழவர். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கிறார்.