கொடிமலைக்குப் போனவர்களும் தூக்கிச் சென்றவர்களும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கேயாவது அழைத்துப் போகச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் நம் குடும்பங்கள் பல, அப்படியே ரயிலேறிக் கொடிமலைக்கும் போய் வருவதுண்டு. அந்த மலையின் வரலாற்றைப் பார்த்தால், ஓய்வு முதலில் யாருக்குக் கிடைத்தது, அதற்காக யார் வியர்வை சிந்தினார்கள் என்பது நமக்கு விளங்கும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 830 மீட்டர் உயரமுள்ளது கொடிமலை. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வெள்ளைக்காரர்கள் மேலே பாதை வெட்டி, வீடு கட்டத் தொடங்கினர். கப்பல் வருவதை அறிவிக்க உச்சியில் கொடி ஏற்றினார்கள். பெயர் அதனால் வந்தது. உல்லாசத்திற்காக மட்டும் அவர்கள் ஏறவில்லை. சமவெளியில் காய்ச்சல் ஆளைக் கொன்றது. கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று அக்கால வைத்தியர்கள் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுதான் அதைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். அதுவரை துரைமார்களுக்குக் 'காற்று மாற்றம்' ஒரு மருந்து. அதே காய்ச்சலில் நம் முன்னோர் லயத்தில் கிடந்தபோது, அவர்களுக்குக் காற்று மாற்றம் எழுதிக் கொடுத்தவர் யார்?

துரைமார்கள் எப்படி மேலே போனார்கள்? சிலர் மட்டக்குதிரையில் போனார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூங்கில் கழிகளைத் தோளில் தாங்கி, ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும் மலை அது! மேலே பங்களாவில் சமைக்க ஒருவர், துணி வெளுக்க ஒருவர், தோட்டத்தைக் கொத்திப் பூச்செடி வளர்க்க ஒருவர். ஒருவருடைய விடுமுறை இத்தனை பேருக்கு வேலை நாளாயிற்று. உச்சியில் இன்றும் இருக்கும் அருளொளித் திருமுருகன் ஆலயம், அங்கிருந்த இந்தியச் சிப்பாய்களும் நாற்காலி தூக்கியவர்களும் வைத்து வணங்கிய சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. மலையேறி மகிழும் நாம் அங்கே ஒரு நிமிடம் நின்று வந்தால் தப்பில்லை.

மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. முன்பு எடுத்த ஒரு முயற்சி தோற்றுப்போனது. பிறகு ஜான்சன் என்ற ரயில்வே பொறியியலாளர் கட்டி முடித்தார். அது வேலை செய்யும் விதம் எளிது. கிணற்றுக் கப்பியில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டினால், ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுமல்லவா? அப்படித்தான் ஒரே கம்பி வடத்தில் பிணைத்த இரண்டு பெட்டிகளும். இறங்கும் பெட்டியின் பாரம் ஏறும் பெட்டியை இழுக்க உதவுகிறது. மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பாதி வழியில் பெட்டி மாறி, உச்சிக்குப் போக அரை மணி நேரம் பிடிக்கும். 2011இல் புதிய ரயில் வந்த பிறகு பெட்டி மாற வேண்டியதில்லை. பத்து நிமிடத்திற்குள் போய்விடலாம்.

ரயில் வந்ததும் தோளில் தூக்கும் வேலை போயிற்று. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம் என்றாயிற்று. ஆனால் டிக்கெட் மட்டும் போதுமா? நாட்கூலிக்காரர் மலைக்குப் போனால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். ஆகவே நம்மைப் பொறுத்தவரை, ரயிலைப் போலவே சம்பளத்தோடு கூடிய விடுப்பும் முக்கியம். இன்றைய வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் நல்லதுதான். எட்டு நாளும் கல்யாணத்திற்கும் கருமாதிக்குமே சரியாய்ப் போகிறது என்று நம் பெண்கள் சொல்வது பொய்யன்று. மிஞ்சுகிற ஒரு நாளைத்தான் கொடிமலைக்கு வைத்துக்கொள்கிறோம்.