ஜி. ஆர். லாம்பர்ட் நிலையமும் ஜொகூர் அரசரும்: உருவப்படங்களில் பெயரும் பெயரின்மையும்

மலாயாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோர் அரசு ஆவணங்களையும் நாளேடுகளையுமே பெரிதும் நாடுகின்றனர். உருவப்படங்களும் அவற்றிற்கு இணையான சான்றுகளாகும். அவ்வகையில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த ஜி. ஆர். லாம்பர்ட் சிங்கப்பூரில் நிறுவிய புகைப்பட நிலையத்தை ஈண்டு நோக்குவோம்.

லாம்பர்ட் 1867இல் ஹை ஸ்திரீட்டில் தொழிலைத் தொடங்கினார். பின்னர் 1877இல் ஆர்ச்சர்ட் சாலையில் மீண்டும் நிலையம் அமைத்தார். 1880களின் நடுப்பகுதியில் அவர் விலக, அலெக்சாண்டர் கோச் நிருவாகத்தை ஏற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலையத்திடம் ஏறத்தாழ 3,000 காட்சிப் படங்கள் விற்பனைக்கு இருந்தன. எனவே, 'லாம்பர்ட் படம்' என்பதை ஒரு நிறுவனத்தின் முத்திரையாகவே கொள்ளல் வேண்டும். படமெடுத்த கை எவருடையது என்பது வேறு வினா.

ஜொகூரின் அபு பக்கர் 1862இல் தெமெங்கோங் ஆனார். 1868இல் மகாராஜா எனவும், 1885இல் சுல்தான் எனவும் பட்டம் பெற்றார். இருபத்து மூன்று ஆண்டுகளில் மூன்று பட்டங்கள்! தம் அரசுரிமையைப் பிற நாட்டார் ஏற்கச் செய்யும் முயற்சியில் சீருடையும் பதக்கங்களும் விளங்கும் உருவப்படம் அவருக்குத் துணைநின்றது. லாம்பர்ட் நிலையம் அவரையும் படமெடுத்தது.

அதே நிலையம் மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோரை 'இன வகை'களாகப் படமெடுத்து, பயணிகளுக்கு விற்றது. அப்படங்களில் தமிழர் பெரும்பாலும் 'கிளிங்' என்றே குறிக்கப்பெற்றனர். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல் இன்று இழிசொல்லாகிவிட்டது. அரசர் தாம் காட்சியளிக்கும் முறையைத் தாமே தேர்ந்தார். தொழிலாளிக்கோ அவ்வுரிமை இல்லை. அவர்தம் முகம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

எனினும் அப்படங்களை ஒதுக்கிவிடுதல் தகாது. உடை, அணிகலன், தொழிற்கருவி ஆகியவற்றை அறிய அவை உதவும். ஆயினும், நிலையத்தில் திரைச்சீலையின்முன் அமைக்கப்பட்ட காட்சியை அன்றாட வாழ்வெனக் கொள்ளாது, அக்கால ஆவணங்களோடு ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும்.

ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களின் பழம்படங்களுக்கும் இந்நிலை நேரலாம். படத்திலிருப்போரை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மாணவரைக் கொண்டு பதிவுசெய்தல் தமிழாசிரியர்க்கு இயலும் பணியாகும். அப்பதிவுகளே நாளைய ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றுகளாக அமையும் என்பது நம் கருத்து.