தீர்வை வேறு, கூலி வேறு

கடல் கடந்து வரும் பொருளுக்கு அரசன் வரி கொள்வது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. அரசனுக்கு உரிய வருவாய்களை எண்ணிச் சொல்லும் இடத்தில், வள்ளுவர் 'உல்கு' என்னும் சுங்கப் பொருளையும் ஒன்றாக வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பொருளுக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் சோழ மன்னனின் அதிகாரிகள் புலிப்பொறி இட்டுக் காவல் காத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனோ, சுங்கத்தை நீக்கிச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். விதித்தவனையும் நாடு அறிந்திருந்தது. விலக்கியவனையும் நாடு அறிந்திருந்தது. வரி கேட்பவன் யார், எந்த உரிமையால் கேட்கிறான் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

அந்த ஐயம் எழும்போதுதான் வழக்குப் பிறக்கிறது. இன்று கல்கத்தாவின் தென்பகுதியில், டாக்குரியாவிலும் அதனை அடுத்த ஏரிப்பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இந்த வழக்கு பழக்கமானது. சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு பொருளை வரவழைக்கிறோம். கூரியர்காரர் பார்சலுடன் வாசலில் நிற்கிறார். அவர் நீட்டும் சீட்டில் சுங்கத் தீர்வை ஒரு வரியிலும், 'கையாளுகைக் கட்டணம்' என்று இன்னொரு தொகை அடுத்த வரியிலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். தீர்வை அரசாங்கத்துக்குப் போகிறது. மற்றத் தொகை யாருக்கு? அதை விதித்தவர் யார்? இக்கேள்வி இந்நகரத்துக்கு முந்நூறு ஆண்டுப் பழமை உடையது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

1717ஆம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் பரூக்சியார் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஒரு பர்மான் வழங்கினார். ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திவிட்டு, வங்காளத்தில் சுங்கமின்றி வர்த்தகம் செய்யலாம் என்பது அதன் சாரம். கம்பெனியின் சரக்கு என்பதற்கு அடையாளமாக 'தஸ்தக்' என்னும் சீட்டைக் கம்பெனி அதிகாரிகளே எழுதிக் கொடுத்தனர். அச்சீட்டைக் கண்டால் சுங்கச் சாவடிக்காரர் சரக்கை மறிக்கமாட்டார். சலுகை கம்பெனிக்குத்தான் அளிக்கப்பட்டது. ஆனால் கம்பெனியின் ஊழியர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் தஸ்தக்கைப் பயன்படுத்தினர். பிற வணிகருக்கும் அதை விலைக்கு விற்றனர். அரசின் சுங்க உரிமையை ஒட்டி எழுந்த ஒரு சீட்டு, இவ்வாறு தனியார் கைக்கு இலாபம் தரும் சரக்காக மாறிற்று. நவாபின் கருவூலம் வறண்டது. நாட்டு வணிகன் முழுச் சுங்கமும் கட்டிப் போட்டியில் தோற்றான்.

நவாப் மீர் காசிம் இதனைப் பொறுக்கவில்லை. 1762ஆம் ஆண்டின் இறுதியில் கவர்னர் வான்சிட்டார்ட்டுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். உள்நாட்டு வர்த்தகத்தில் ஈடுபடும் ஆங்கிலேயர் நூற்றுக்கு ஒன்பது வீதம் தீர்வை கட்டவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. கல்கத்தாக் கவுன்சில் அதை ஏற்க மறுத்தது. மீர் காசிம் செய்தது என்ன? 1763இல் உள்நாட்டுச் சுங்கம் முழுவதையும் எல்லோருக்கும் நீக்கிவிட்டார். கொடுப்பவன், கொடாதவன் என்ற வேறுபாடே இல்லாமற் போயிற்று. தனிச்சலுகை பயனற்றுப் போனதைக் கம்பெனியார் சகிக்கவில்லை. போர் மூண்டது, 1764 அக்டோபரில் பக்சார்ப் போர்க்களத்தில் அதன் முடிவு தெரிந்தது, 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. இந்தியாவின் தலைவிதியை மாற்றிய போருக்குக் காரணங்கள் பலவாயினும், சுங்கச் சீட்டைக் குறித்த வழக்கு அவற்றுள் முதன்மையானது.

கம்பெனி ஆட்சிக்கு வந்தபின் கல்கத்தாவில் வேறொரு சொல் செழித்தது, அது 'தஸ்தூரி'. தஸ்தூர் என்றால் பாரசீகத்தில் வழக்கம். வாங்கும் பொருளிலும் விற்கும் பொருளிலும் இடையில் நிற்பவன் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. எந்தச் சட்டமும் அதை விதிக்கவில்லை. வழக்கம் என்பதே அதன் அதிகாரம். நம் ஊரில் 'மாமூல்' என்கிறோமே, அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கும் வழக்கமானது என்பதே பொருள். ஆங்கிலத்தில் சுங்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்ஸ்' என்னும் சொல்லும் வழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. மூன்று மொழிகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. நெடுநாள் கேட்டு வாங்கிய தொகை, நாளடைவில் உரிமையைப் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

டாக்குரியா நகருக்குத் தெற்கே ஒரு கிராமமாக இருந்த அந்நாளில், வங்காளத்தின் சாலைகளிலும் ஆற்றுத் துறைகளிலும் சௌக்கி எனப்படும் சுங்கச் சாவடிகள் நிறைந்திருந்தன. சரக்குடன் செல்பவன் 'ரவானா' என்னும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இருந்தாலும் சரக்கு அதற்கு ஒத்திருக்கிறதா என்று சோதிக்கும் உரிமை சாவடிக்காரனுக்கு உண்டு. சோதனை என்றால் தாமதம். தாமதத்தைத் தவிர்க்க வேண்டுமானால் கையில் ஏதேனும் வைக்கவேண்டும். 1834இல் இளம் அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சாவடி ஊழியருக்குச் சம்பளம் மிகக் குறைவு. ஆகவே வணிகனை வருத்தியே அவர்கள் வாழ்கிறார்கள். அரசாங்கத்துக்குச் சேரும் வருவாயைவிட மக்களுக்கு நேரும் இழப்பு மிகப் பெரிது என்பதே அவர் கண்ட முடிவு. 1836இல் வங்காளத்தில் உள்நாட்டுச் சுங்கமும் நகரச் சுங்கமும் நீக்கப்பட்டன. பம்பாய் மாகாணத்தில் 1838இலும், நம் சென்னை மாகாணத்தில் 1844இலும் உள்நாட்டுச் சுங்கம் மறைந்தது. இதே டிரெவெல்யன் 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். புதிய வரிகளை எதிர்த்துத் தம் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதனால் 1860இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

உள்நாட்டுச் சுங்கம் போயிற்று; கடற்சுங்கம் நின்றது. 1878ஆம் ஆண்டுக் கடற்சுங்கச் சட்டம் அதற்கு ஒழுங்கான உருவம் தந்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 1963 பிப்ரவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனிடையே தபாலும் வளர்ந்தது. 1876இல் இந்தியா உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தது. அயல்நாட்டுப் பார்சல், கப்பற் சரக்குக்குரிய பெரும் நடைமுறைகள் இன்றி எளிய மனிதனின் வீட்டுக்கு வர வழி பிறந்தது. வெளிநாட்டுத் தபால் நிலையத்தில் சுங்க அதிகாரி தீர்வையை மதிப்பிடுவார். தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்து தொகையைப் பெற்றுச் செல்வார். தபால் துறை தனக்கென ஒரு சிறு கட்டணம் கேட்டாலும், அது அரசாங்கம் அறிவித்த கட்டணம், எல்லோருக்கும் பொது.

கூரியர் நிறுவனங்கள் வந்தபின் நிலைமை மாறிற்று. 1998இலும் பின்னர் 2010இலும் வெளியான கூரியர் சுங்க விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனமே நம் சார்பில் சுங்கப் பத்திரம் தாக்கல் செய்கிறது, தீர்வையையும் கட்டுகிறது, பின்பு நம்மிடம் வசூலிக்கிறது. இதில் உழைப்பு உண்டு, முன்பணம் போடும் சிரமமும் உண்டு. அதற்குக் கூலி கேட்பது தவறு என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் அது கூலி என்பதை மறக்கலாகாது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 265ஆம் பிரிவு. தீர்வைக்கு அந்த அதிகாரம் உண்டு. கூலிக்கோ இருதரப்பு உடன்பாடு ஒன்றே அடிப்படை. தீர்வை 400 ரூபாய், கையாளுகைக் கட்டணம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி 126 ரூபாய். ஆக 1,226 ரூபாய் கொடுத்தவர், 'சுங்கத்தில் ஆயிரத்துக்குமேல் பிடுங்கிவிட்டார்கள்' என்று அரசாங்கத்தை நொந்துகொள்கிறார். அப்படிவத்தின்படி சுங்கமாகப் போனது நானூறுதான்.

ஆகவே இவ்வழக்கில் இறங்குவோர் முதலில் செய்யவேண்டியது, கணக்கைப் பிரித்துக் கேட்பது. சுங்கத்தில் தாக்கலான பத்திரத்தின் நகலையும், கட்டணத்துக்குத் தனிப் பில்லையும் கேட்டு வாங்கவேண்டும். தீர்வை அதிகம் என்று தோன்றினால் அது அரசாங்கத்தோடு உள்ள வழக்கு. சுங்க அதிகாரியின் உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள், சுங்கச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். பொருளின் விலையை மிகைப்படுத்தி மதிப்பிட்டிருந்தால், நாம் பணம் செலுத்திய ரசீதே நல்ல சாட்சி. 'அன்பளிப்பு' என்று எழுதிவிட்டால் தீர்வை கிடையாது என்று இன்னும் பலர் எண்ணுகிறார்கள். அச்சலுகையை நாடி வரும் பார்சல்களுக்கு 2019 டிசம்பரில் தடை வந்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. அயல்நாட்டில் வாழும் மக்களுக்கு இதை எழுதித் தெரிவிப்பது நலம்.

கூலியைப் பற்றிய வழக்கு வேறு. அது நிறுவனத்தோடு உள்ளது. சுங்க மாளிகையில் முறையிட்டுப் பயனில்லை. அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இக்கட்டணம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா? அடையாளச் சான்று கேட்டு வாங்கியபோது, இதற்கு இசைவு தரும் வாசகத்திலும் நம்மிடம் ஒப்புதல் பெற்றார்களா? தீர்வை உட்பட எல்லாச் செலவையும் அனுப்பியவரே செலுத்திவிட்டாரா? அனுப்பியவர் செலுத்தியிருந்தால் அந்த ரசீதைக் காட்டி மறுக்கலாம். முன்னரே அறிவித்து, நாமும் ஒப்புக்கொண்டிருந்தால் நம் வழக்கு வலுவிழக்கும். இதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். பார்சல் உடனே தேவையானால், மறுப்பை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, பின்னர் வழக்காடலாம்.

நிறுவனம் தக்க விடை தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் அங்கே பேசலாம். வங்காளியும் இந்தியும் சரளமாக வாராத முதியவர்களுக்கு இது பெரும் துணை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு நன்மையும் செய்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமை நிலையம் எந்நகரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, வாழும் ஊரையே நம் ஊராகச் சட்டம் ஏற்கிறது.

இந்தக் குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் ராயல் மெயில் தபால் நிறுவனம் பல ஆண்டுகளாக 8 பவுன் என்று ஒரே கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்து வாங்கிவந்திருக்கிறது. சிறு பொருளுக்கு அது மிகை என்ற முணுமுணுப்பு அங்கும் உண்டு. கனடாவில் கூரியரின் தரகுக் கூலியைக் கொடுக்க விரும்பாதவர், தாமே சுங்க அலுவலகத்துக்குச் சென்று தீர்வை கட்டிப் பொருளை விடுவித்துக்கொள்ள வழி இருக்கிறது. கட்டணம் முன்பே தெரிந்திருக்கவேண்டும், அதைத் தவிர்க்க ஒரு வழியும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் கிடைத்தால் வழக்கில் பாதி குறைந்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்' என்று தொலைபேசியில் மிரட்டும் மோசக்காரர்கள் பெருகியிருக்கிறார்கள். 2019 நவம்பர் 8ஆம் நாள் முதல் சுங்கத் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் இடும் முறை வந்திருக்கிறது. அவ்வெண் மெய்யானதா என்று இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். சோழன் காலத்துப் புலிப்பொறி இன்று ஓர் எண்ணாக மாறியிருக்கிறது. பொறி இல்லாத கடிதத்துக்கு அஞ்சிப் பணம் கட்டவேண்டியதில்லை.

ஒரு பார்சலின்மேல் நூறு ரூபாயோ எழுநூறு ரூபாயோ மிகையாகப் போவது பெரிய இழப்பன்று என்று சிலர் கருதக்கூடும். தஸ்தூரியும் தொடக்கத்தில் சிறு தொகைதான். யாரும் கேள்வி கேளாமையால் அது வழக்கமாயிற்று. நாட்டுக்கு உரிய தீர்வையைத் தயங்காமல் கொடுப்பது குடிமகனின் கடமை. அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் கூலிக்குக் கணக்குக் கேட்பதும் அதே குடிமகனின் உரிமை. சீட்டில் கையெழுத்திடும்முன் இவ்விரண்டையும் பிரித்துப் படிப்போமாக.