மூன்றாம் கமாண்டோ படையணி

கடல்வழியே எதிரி மண்ணில் தரையிறங்கித் தாக்கும் பிரிட்டிஷ் படையணி. 1943இல் உருவானபோது தரைப்படையின் 1, 5ஆம் கமாண்டோ அணிகளும் கடற்படையின் காலாட்படையான ராயல் மரீன்களின் 42, 44ஆம் கமாண்டோ அணிகளும் இதில் இருந்தன. ஜப்பானுக்கு எதிரான போருக்காக இந்தியா வந்த இப்படையணி, 1944இல் திருகோணமலையில் ஒன்றுசேர்ந்து பர்மாவின் அரக்கான் கரைக்குச் சென்றது.

இதன் கடுமையான போர் 1945 ஜனவரியில் கங்காவ் அருகே 170ஆம் குன்றில் நடந்தது. ஜப்பானியர் பின்வாங்கும் சாலையை மறிக்கக் கமாண்டோக்கள் சதுப்புக் கழிகள் வழியே படகுகளில் சென்று குன்றைப் பிடித்தனர். ஜனவரி 31 அன்று அதை மீட்க ஜப்பானியர் பாய்ந்தனர். 24 பேருடன் முன்முனையைக் காத்த லெப்டினன்ட் ஜார்ஜ் நோலண்ட், பிரென் துப்பாக்கிக்காரர்கள் காயமுற்றதும் தானே எழுந்து நின்று சுட்டார். சிறு மார்ட்டரை இடுப்பில் தாங்கியும் சுட்டார். அங்கேயே வீழ்ந்த அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. 25ஆம் இந்தியப் படைப்பிரிவும் கங்காவில் போரிட்டது. அவ்வீரர்களை விட்டுவிட்டு, குன்றைக் காத்த இவ்வெற்றியைச் சொல்வது நியாயமன்று.

1946இல் தரைப்படைக் கமாண்டோக்கள் கலைக்கப்பட, படையணி முழுதும் மரீன்களுடையதானது. மலாயா, 1956இல் சூயஸ் எனக் களங்கள் தொடர்ந்தன. அர்ஜென்டினாவுடனான போரில், 1982 மே 21 அன்று பாக்லாந்துத் தீவுகளின் சான் கார்லோஸில் பிரிட்டிஷ் தரையிறக்கத்தை நடத்தியதும் இப்படையணியே.