கண்ணாடி வீட்டில் ஓர் அன்னாசிக் குலம்

அன்னாசி என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பெயர், தென் அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலே பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைப் பலர் அறிவர். ஆனால் அப்பழத்தின் சுற்றத்தாராகிய பிரொமேலியாக் குலத்துச் செடிகள், உண்ணக் கனி ஏதும் அளியாமலே, ஐரோப்பியரின் கண்ணாடி வீடுகளில் ராஜோபசாரம் பெற்ற கதை அவ்வளவு பிரசித்தமன்று.

பெல்ஜியம் தேசத்து லியேஜ் நகரச் சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த எதுவார் மோரன் என்பவர், இச்செடிகளை அரும்பாடுபட்டுத் திரட்டி வளர்த்து, ஓவியர்களைக் கொண்டு அவற்றின் வர்ணச் சித்திரங்களை எழுதுவித்து, குலம் முழுவதையும் ஒரே கிரந்தத்தில் அடக்கிவிட வேண்டுமென்று பேராசை கொண்டிருந்தும், அது நிறைவேறுமுன்னரே 1886-இல் காலமானார். சித்திரங்கள் மட்டும் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன.

மரக்கிளையில் தொற்றியும் அம்மரத்தின் சாரத்தை உறிஞ்சாமல், இலைகள் கூடிய கிண்ணத்தில் மழைநீரைத் தேக்கி வாழ்வது இவற்றுள் பலவற்றின் சுபாவம். அதை அறியாமல் வேரை நனைத்து நனைத்து அழுகச் செய்பவர் இன்றும் உண்டு. நானும் அந்தப் பாவத்தில் பங்குடையவனே.

பூப்பிக்கும் வித்தையோ தற்செயலாய்க் கிடைத்தது. அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடி வீட்டில் அன்னாசி பயிரிட்டோர், புகையூட்டினால் செடிகள் ஒருங்கே பூப்பதைக் கண்டனர். எத்திலீன் வாயுவே அதன் காரணமென்று பின்னர்த் தெளிவாயிற்று. பழுத்த ஆப்பிளும் அவ்வாயுவை வெளிவிடுவதால், பூக்க மறுக்கும் செடியை அதனோடு சேர்த்துப் பையில் சில நாள் கட்டி வைக்கும் வழக்கம் வீடுகளில் பரவிற்று. பூத்த தாய்ச்செடி மெல்ல மாய்ந்துபோகும். அதற்குள் அடியில் கன்றுகள் கிளம்பிவிடும், நம் வாழையைப் போல.