டெஸ்ட் நார்மல்: ஒரு மாத்திரை, ஒரு வலி, ரெண்டு வரலாறு

இன்னிக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்: "டாக்டர், இந்த மாத்திரையால இருக்குமா?"

ரெண்டு வருஷம் முன்னாடி நான் கேட்ட கேள்வி இது. பீரியட்ஸ் ஒழுங்கா வரலைன்னு எனக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாங்க. சில மாதங்களில் அடிவயிற்றில் ஒரு எரிச்சல் தொடங்கியது. சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி. போய்விட்டு வந்தால் கொஞ்சம் நிம்மதி, அரை மணி நேரத்தில் மறுபடியும் வலி. யூரின் இன்ஃபெக்ஷன்னு நினைச்சு மூணு தடவை டெஸ்ட் எடுத்தேன். மூணு தடவையும் கிருமி இல்லை. "எல்லாம் நார்மல்தாம்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோ" என்றார் டாக்டர். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "நெட்ல எல்லாம் படிக்காதம்மா."

நான் படிச்சேன். படிக்கப் படிக்க ரெண்டு வரலாறு கிடைச்சது. ஒன்று மாத்திரையுடையது, இன்னொன்று சிறுநீர்ப்பை வலியுடையது. ரெண்டிலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருது. ஒரு பெண் "வலிக்குது"ன்னு சொல்றாள். எதிரே இருப்பவர் அதை எழுதிக்கொள்வதில்லை.

முதல் கதைக்கு 1956க்குப் போகணும். அமெரிக்காவில் கிரகரி பின்கஸ் என்ற விஞ்ஞானியும் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவரும் ஒரு ஹார்மோன் மாத்திரையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தவர் கேதரின் மெக்கார்மிக் என்ற செல்வந்தப் பெண்மணி. அவர்கள் வேலை செய்த மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ கருத்தடைக்கே சட்டத் தடை. அதனால் பெரிய அளவிலான சோதனையை அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கொண்டுபோனார்கள். ரியோ பியேத்ராஸ் என்ற இடத்தில் இருந்த குடியிருப்புத் திட்டத்தில் வசித்த பெண்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. இது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று சொன்னார்கள். இது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்று சொல்லவில்லை.

அங்கே சோதனையைக் கவனித்தவர் டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே. இவரும் பெண். பெண்கள் சொன்னதை இவர் எழுதிவைத்தார். 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, வயிற்று வலி, வாந்தி. மாத்திரை கர்ப்பத்தை நன்றாகத் தடுக்கிறது, ஆனால் இவ்வளவு பக்கவிளைவோடு எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்று அறிக்கை அனுப்பினார். பின்கஸுக்கும் ராக்குக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. நிறைய தொல்லைகள் மனசு சம்பந்தப்பட்டவை என்பதுதான் பின்கஸின் கணிப்பு. சோதனைக் காலத்தில் 3 பெண்கள் இறந்துபோனார்கள். மாத்திரைக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை.

1957இல் எனோவிட் என்ற பெயரில் அந்த மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதற்குன்னு கேளுங்க, மாதவிடாய்க் கோளாறுக்கு! சாப்பிட்டால் கருத்தரிக்காது என்பது எச்சரிக்கையாகத்தான் சொல்லப்பட்டது. திடீர்னு லட்சக்கணக்கான பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு வந்துவிட்டது. நம்ம ஆளுங்க மட்டும்தான் ரூல்ஸ்ல ஓட்டை கண்டுபிடிப்பாங்கன்னு நினைக்காதீங்க. 1960இல் கருத்தடைக்கென்றே அனுமதி கிடைத்தது.

இங்கே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. எப்போது பிள்ளை பெறுவது என்ற முடிவைப் பெண் கையில் கொடுத்த கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு வரவேண்டிய தகவல் கூட வரவில்லை. முதல் எனோவிட் மாத்திரையில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய பல மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். ரெண்டும் வேறு வேறு வகை, நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இதிலிருந்தே புரியும்.

ரத்தக்கட்டு ஆபத்தைப் பற்றிய தகவல் 60களிலேயே வரத் தொடங்கிவிட்டது. 1969இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர், பாதிக்கப்பட்ட பெண்களிடமும் மருத்துவர்களிடமும் பேசி மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஜனவரியில் கேலார்ட் நெல்சன் என்ற செனட்டர் வாஷிங்டனில் விசாரணை நடத்தினார். நிபுணர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். ஆனால் மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஒருவரைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. ஆலிஸ் வுல்ஃப்சனும் அவருடைய தோழிகளும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, டிவி கேமராக்களுக்கு முன்னால் கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டே, மாத்திரையோடு பெண்களுக்கு ஒரு தகவல் தாளும் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. இப்போ மாத்திரை டப்பாவுக்குள்ளே மடிச்சு மடிச்சு ஒரு பேப்பர் இருக்குமே, நாம படிக்காம தூக்கிப் போடுவோமே, அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சண்டை இருக்கு.

இப்போ ரெண்டாவது கதை. 1915இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கை ஹன்னர் என்ற மருத்துவர், கடுமையான சிறுநீர்ப்பை வலியோடு வந்த சில பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு விசேஷமான புண்ணைப் பார்த்திருந்தார். அதற்கு "ஹன்னர் புண்" என்றே பெயர் வந்தது. நோய்க்கு வழங்கிய பெயர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்.

இதில் ஒரு வினோதம் நடந்தது. நோயைக் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்தப் புண்ணே, பல பெண்களுக்கு வாசலை மூடிவிட்டது. புண் இருந்தால்தான் நோய் என்று பல மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆனால் இந்த வலி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இருக்காது. டெஸ்டில் கிருமி இல்லை, உள்ளே புண் இல்லை, அப்போ மனசுதான் காரணம். 70களில்கூட மருத்துவப் புத்தகத்தில் இதை மனம் சார்ந்த தொல்லைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பின்கஸ் சொன்னது ஞாபகம் வருதா?

இதை மாற்றியதும் ஒரு நோயாளிதான். விக்கி ராட்னர் என்ற மருத்துவ மாணவிக்கு இந்த வலி வந்தது. பல டாக்டர்களைப் பார்த்தும் பதில் இல்லை. கடைசியில் மருத்துவ நூலகத்தில் தானே தேடி நோயின் பெயரைக் கண்டுபிடித்தார். 1984இல் நோயாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். டிவியில் பேசியதும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. 1987இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, ஆராய்ச்சிக்கான வரையறையை உருவாக்கியது. 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவில் மட்டும் 33 லட்சம் முதல் 79 லட்சம் பெண்களுக்கு இந்த அறிகுறிகள் இருக்கலாம். "அபூர்வமான நோய்" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

சரி, மாத்திரைக்கும் இந்த வலிக்கும் தொடர்பு உண்டா? சந்தேகப்பட இடம் இருக்கு. கருவில் சிறுநீர்ப்பையும், சிறுநீர்க்குழாயும், பிறப்புறுப்பின் வாசல் பகுதியும் ஒரே மூலத்திலிருந்து வளர்பவை. இந்தப் பகுதிகளில் ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகளும் இருக்கின்றன. மாத்திரை நம் உடம்பின் சொந்த ஹார்மோன் அளவுகளை மாற்றுகிறது. மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இந்த வலி கூடுதலா என்று ஆய்வுகள் தேடியிருக்கின்றன. ஆனால் மாத்திரைதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. பீரியட்ஸ் நேரத்தில் சிறுநீர்ப்பை வலி கூடுகிறவர்கள் சிலருக்கு, பீரியட்ஸைக் கட்டுப்படுத்த இதே மாத்திரையைக் கொடுப்பதும் உண்டு.

அதனால் "மாத்திரையால இருக்குமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "இருக்கலாம், உங்க விஷயத்தில் பார்த்துதான் சொல்லணும்" என்பது. சிரிப்பு அதற்குப் பதில் இல்லை.

எனக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் இன்னொரு டாக்டர். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்தார். "மாத்திரை எப்போ ஆரம்பிச்சீங்க? வலி எப்போ வந்தது? எந்த நாள்ல அதிகமாகுது?" ஒவ்வொன்றாக எழுதினார். மாத்திரையை மாற்றினார், காபியைக் குறைக்கச் சொன்னார், இடுப்புத் தசைக்கு பிசியோதெரபி எழுதினார். சில மாதங்களில் வலி நிறைய குறைந்தது. "மாத்திரைதான் காரணமா?"ன்னு கேட்டேன். "மூணையும் ஒண்ணா மாத்தினோம், அதனால உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். அவரை நான் நம்பியதே அந்த பதிலால்தான்.

இதைக் கேட்கும் யாருக்காவது இப்படி வலி இருந்தால், மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. அதை எடுத்துட்டுப் போய் டாக்டர் மேஜையில் வைங்க. அவர் படிக்கலைன்னா, படிக்கிற டாக்டரைத் தேடுங்க.

1956இல் போர்ட்டோ ரிக்கோ பெண்கள் சொன்னது இன்னிக்கு நமக்குத் தெரியுதுன்னா, ஒருத்தர் அதை எழுதிவச்சதாலதான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.